மலையகப் பெண்களின் பாட்டும் எழுத்தும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் பெண்கள் படைத்த இலக்கியத்துக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு வயது. அதில் முதல் நூறாண்டு முழுக்கப் பாட்டாகவே கழிந்தது. பாடியவர் யார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அச்சில் பெண்ணொருத்தியின் பெயர் தோன்றியபின்பும் அடுத்த பெயர் வர நீண்ட காலம் பிடித்தது. இந்த இடைவெளிகளை ஆர்வக்குறைவு என்றோ திறமைக்குறைவு என்றோ விளக்கிவிட முடியாது. பள்ளிக்கூடம், வாக்குரிமை, குடியுரிமை, மாதச் சம்பளம் தரும் வேலை ஆகிய நான்கும் தோட்டத்துப் பெண்ணின் கைக்கு எப்போது வந்தன, எப்போது பறிபோயின என்பதோடு அவை ஒட்டியிருக்கின்றன.

1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது தமிழகத்திலிருந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, கூலியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் அடுத்த சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாக வேண்டும். அதனால் குடும்பத்தோடு ஆள் கொண்டுவருவது தோட்டத் துரைமாருக்குத் தேவையாயிற்று, ஆள்திரட்டிய கங்காணிமாருக்கும் இலாபமாயிற்று. கொழுந்து எடுப்பது பெண்ணின் வேலையானது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளில் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் பெண்கள் குடியேறிய பின்புதான் மலையக வாய்மொழிப் பாடல் இன்று நாம் அறியும் உருவத்தைப் பெற்றது.

அந்தப் பாடல்களில் பழையவை தமிழகக் கிராமத்தின் மெட்டையும் சொல்லையும் சுமந்து வந்தவை. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு என்ற வகைகள் அப்படியே இருந்தன. உள்ளே வந்த பொருள்தான் மாறியது. கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்ததும், வழியில் நோய் கண்டு விழுந்தவர்களை விட்டுவிட்டு வந்ததும் கண்டிச்சீமைப் பாடல்களாயின. காலைப் பிரட்டுக்கு, அதாவது பெயர் பதியும் அணிவகுப்புக்கு, பிந்தினால் வேலையில்லை என்று திருப்பி அனுப்புவது, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுவது, கணக்கப்பிள்ளையின் ஏச்சு, கங்காணியின் கடன், பற்றுச்சீட்டுக் கிடைக்காமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாத நிலை எல்லாம் பாட்டுக்குள் வந்தன. பிள்ளைக்காம்பராக்கள் என்ற குழந்தைக் காப்பகங்கள் வருவதற்கு முன், மலைக்கே தூக்கிச் சென்ற குழந்தையை மரக்கிளையில் கட்டிய தொட்டிலில் போட்டுவிட்டுத் தாய் தேயிலை நிரையில் நின்றாள். அங்கே பாடிய தாலாட்டு குழந்தையோடு பக்கத்து நிரைக்காரிக்கும் கேட்டது. முறைப்பாடு சொல்ல வேறு இடமில்லாத பெண்ணுக்கு அது வசதியான ஏற்பாடு. தாலாட்டுப் பாடியதற்காகத் தண்டனை கொடுப்பது கங்காணிக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

ஒப்பாரி இன்னும் சுதந்திரமானது. இறந்தவரைப் பாடும் சாக்கில் வாழ்கிறவர்களின் கணக்கையும் தீர்க்கலாம் என்பது தமிழ்க் கிராமங்களில் பழகிய வழக்கம்; லயத்திலும் அது தொடர்ந்தது. கணவனை இழந்தவள் அவனைப் பாடியபடியே அவன் பெயரில் நின்ற கடனையும் அதை எழுதியவரையும் பாடினாள். அதே பாட்டு அடுத்த சாவுக்கு வேறு சொற்களோடு வரும். எழுதப்படாத இலக்கியத்தின் பலமும் பலவீனமும் இதுவே.

மலையகத்தின் முதல் அச்சு நூல் என்று ஆய்வாளர் குறிப்பிடும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வந்தது. அதை எழுதிய ஆபிரகாம் ஜோசப் ஓர் ஆண். கோப்பிச் செய்கையைப் பற்றித் தொழிலாளருக்கு எடுத்துச் சொல்வது அதன் நோக்கம். தோட்ட நிர்வாகத்துக்கு உவப்பான பார்வையில் அமைந்த நூல். கைகொட்டிச் சுற்றி ஆடும் பெண்களின் பாட்டு வடிவத்தை எடுத்து, வேலை வாங்குவோரின் சேதியை அதில் ஏற்றியிருப்பது கவனிக்கத்தக்கது. பெண்களின் குரலுக்கு முன்பாகப் பெண்களின் வடிவம் அச்சேறிவிட்டது.

பெண்கள் பாடிய பாடல்களை ஏட்டில் ஏற்றும் வேலை இருபதாம் நூற்றாண்டில்தான் நடந்தது. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை பல காலம் தேடிச் சேர்த்தவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக 1983இல் வெளிவந்தன. சாரல் நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ 1993இல் வந்தது. இவ்விரு நூல்களும் இல்லாவிட்டால் பெரும்பகுதி மறைந்தே போயிருக்கும். ஆனாலும் நோட்டுப்புத்தகத்தோடு ஓர் ஆண் எதிரே அமர்ந்திருக்கும்போது பெண்கள் எல்லாப் பாட்டையும் பாடியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பிள்ளைப்பேறு, உடல்நோவு, மலையில் நடந்த அத்துமீறல் ஆகியவற்றைப் பற்றிய பாடல்கள் தொகுப்புகளில் குறைவாகத் தெரிவதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெயரோடு வரும் முதல் பெண் மீனாட்சி அம்மாள். அவர் லயத்தில் பிறந்தவர் அல்லர். தஞ்சாவூரிலிருந்து வந்து இலங்கையில் பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய கோ. நடேசய்யரின் மனைவி. நடேசய்யர் 1921இல் ‘தேசநேசன்’ பத்திரிகையையும் 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையையும் தொடங்கினார், கொழும்பில் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்கம் நடத்தி, பின்பு அவரோடு முரண்பட்டுப் பிரிந்தார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். இந்தப் பணிகள் எல்லாவற்றிலும் மீனாட்சி அம்மாள் உடன் நின்றார். பத்திரிகை வேலையில் பங்கெடுத்தார், பெண்களின் உரிமை பற்றி அதில் எழுதினார், கூட்டங்களில் பாடினார்.

அவர் எழுதிய காலத்தையும் பார்க்க வேண்டும். 1927இன் இறுதியில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. அரசியலமைப்பை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து 1931இல் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. வாக்குரிமை கேட்டவர்களில் பலர் படித்த, வசதியுள்ள பெண்களுக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள், கிடைத்ததோ அனைவருக்கும். வதிவிட நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தோட்டத்துப் பெண்களில் ஒரு பகுதியினரும் வாக்காளரானார்கள். கொழுந்துக்கூடை சுமந்த பெண் வாக்குச்சீட்டும் பெறுவதைச் சிங்கள அரசியல்வாதிகளில் பலர் விரும்பவில்லை. அந்த எதிர்ப்பு 1930கள் முழுவதும் வளர்ந்தது. அரசாங்கப் பணிகளில் இருந்த இந்தியத் தொழிலாளரை நீக்கும் நடவடிக்கை 1939இல் தொடங்கியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த போராட்டத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார்.

அதே 1940இல் மீனாட்சி அம்மாளின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கை போல் இருக்கும். உள்ளே இருப்பவை மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் அமைந்த பாடல்கள். இந்தியத் தொழிலாளர் இந்த நாட்டைக் காடழித்து வளமாக்கியவர்கள், அவர்களை இன்று வெளியேறச் சொல்வது நியாயமா, ஒன்றுபடாவிட்டால் என்ன ஆகும் என்பவை அவற்றின் பொருள். பெண்களையும் போராட அழைப்பது அவர் பாடல்களின் தனித்தன்மை.

இவற்றைக் கவிதை நயத்தால் மட்டும் எடைபோட்டால் சிந்துப் பாடல்களின் சாதாரண வரிசையில்தான் வைக்க நேரும். அவற்றின் பலம் வேறிடத்தில் இருந்தது. அக்காலத்தில் தோட்டம் துரையின் தனிச்சொத்து. சங்கக்காரர் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய்வந்ததாகச் சொல்வார்கள். பேச்சாளர் போக முடியாத லயத்துக்குள் ஒரு மெட்டு எளிதாகப் போய்விடும். படிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை பாடிக் காட்டினால் போதும். மற்றவர்கள் மனனம் செய்துகொள்வார்கள். தோட்டப் பெண்களுக்கு ஏற்கெனவே பழகிய வாய்மொழி வழியையே அவர் அரசியலுக்குத் திருப்பினார். ஆகவே அவரை மலையகத்தின் முதல் பெண் கவிஞர் என்று சொல்லும்போது, பெயரற்ற பாடகிகளின் வரிசையில் முதல் முறையாகப் பெயர் போட்டுக்கொண்டவர் என்று சேர்த்துச் சொல்வது பொருத்தம்.

நடேசய்யர் 1947இல் இறந்தார். அவரைப் பற்றிப் பின்னாளில் நூல்கள் எழுந்தன. சாரல் நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ அவற்றுள் முக்கியமானது. மீனாட்சி அம்மாள் பெரும்பாலும் அந்த நூல்களுக்குள் ஓர் அத்தியாயமாகவே நிற்கிறார். தொழிலாளர் இயக்க வரலாற்றையும் பெண்ணிய வரலாற்றையும் சேர்த்து எழுதிய குமாரி ஜயவர்த்தன போன்றோர் அவரைத் தனியாக எடுத்துப் பேசியபின்தான் நிலை சற்று மாறியது.

மலையகத்துக்கு வெளியே தமிழ்ப் பெண்கள் இதற்கு முன்பே அச்சில் எழுதிவந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவல் 1914இலேயே வந்துவிட்டது. சென்னையில் வை. மு. கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தினார். மலையகம் அவற்றோடு சேர்ந்து நடக்காததன் காரணம் எளிது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் பெண்களுக்கு விடுதியோடு கல்வி கொடுத்தன. சென்னையில் வீட்டிலிருந்தே படிக்கும் மேல்தட்டு வாசகியர் இருந்தனர். தோட்டத்திலோ ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளி. அதற்கும் பெண்பிள்ளை போவது அரிது. தாய் மலைக்குப் போனதும் கைக்குழந்தையைப் பார்க்கவும் தண்ணீர் எடுக்கவும் வீட்டில் ஆள் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதானதும் அவள் பெயரே செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறிவிடும். 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூட ஆண், பெண், சிறுவர் என மூன்று வேறு கூலிகளை வகுத்து, சிறுவர் உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரு தலைமுறைப் பெண்கள் எழுத்தறியாமல் வளர்ந்தால் அடுத்த தலைமுறையில் எழுத்தாளர் எங்கிருந்து வருவார்?

கைக்கு வந்த வாக்குரிமையும் நிலைக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது; மீதி 1,50,000 பேரின் விதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. பெண்களைக் கேட்டா இந்தப் பாகப்பிரிவினை நடந்தது என்ற கேள்வி அன்று யாருக்கும் எழவில்லை. விண்ணப்பத்தைக் குடும்பத் தலைவரான ஆண் போட்டார்; மனைவியும் மக்களும் அவரோடு எண்ணப்பட்டார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவல் வெளிவந்தது. தோட்டத்துப் பெண்களிடையே அரசியல், சமூகப் பணி செய்தவர் கோகிலம். தமிழகக் கிராமத்தில் பஞ்சத்தால் நொந்த குடும்பம் ஆள்கட்டும் கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறுவதிலிருந்து கதை தொடங்குகிறது. வள்ளி என்ற பெண்ணின் வளர்ச்சியோடு அது தோட்டத்துக்குள் நகர்கிறது. மலையக வாழ்வைப் புனைகதையில் தந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ மருதி என்ற பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிச் சிதைத்துக் காட்டியது. அவர் தோட்டத்தை நேரில் பார்க்காமல் எழுதினார். இலங்கையின் கிறிஸ்டின் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய கோப்பிக்கால நாவலை இரா. சடகோபன் பின்னாளில் ‘கசந்த கோப்பி’ என்று தமிழாக்கினார். இவர்களோடு வைத்துப் பார்க்கும்போது கோகிலத்தின் தனித்தன்மை தெளிவாகும். புதுமைப்பித்தனின் மருதி அநியாயத்துக்குச் சாட்சி; அவளுக்கு நேர்வதுதான் கதை. வள்ளியோ சமைக்கிறாள், சண்டை பிடிக்கிறாள், கணக்குப் பார்க்கிறாள், பிள்ளை வளர்க்கிறாள். லயத்துக்குள் நடக்கும் அன்றாட வாழ்வு நாவலின் நடுவே வந்து உட்கார்ந்தது ஒரு பெண் எழுதியதால்தான் என்று துணிந்து சொல்லலாம். நாவல் பின்னர் ஆங்கிலத்திலும் வந்தது.

1960களில் மலையக எழுத்து வேகம் பிடித்தது. வீரகேசரி நடத்திய மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகளின் பரிசுக்கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று தொகுப்பாயின. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கொழுந்துக்காரியின் கைத்திறனையும் தன்மானத்தையும் மறக்க முடியாதபடி எழுதிக் காட்டியது. ஆண் எழுத்தாளர்கள் பெண்ணை மையமாக்கி நன்றாகவே எழுதினார்கள். எழுதும் பெண்களோ இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ‘வாழ்க்கைப் பயணம்’ நாவலை எழுதிய நயீமா சித்தீக்கும், கண்டியிலிருந்து கதையும் நாடகமும் எழுதிய ரூபராணி ஜோசப்பும் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் லயத்துக்கு வெளியே கல்வி பெறும் வாய்ப்புள்ள சூழலிலிருந்து எழுதினார்கள் என்பதும் இந்தக் காலத்தின் அடையாளம்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதே பத்தாண்டின் நடுவில் உணவுத் தட்டுப்பாட்டால் லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஒப்பந்தப்படி தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்களின் பிரிவு, எழுதத் தெரியாத பெண்களையும் கடிதம் எழுதுவிக்கச் செய்தது. பள்ளிப் பிள்ளை ஒருவரை முன்னால் உட்காரவைத்துத் தாய் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட அந்தக் கடிதங்களையும் மலையகப் பெண்களின் எழுத்தில் சேர்க்க வேண்டும். அவற்றை யாரும் முறையாகத் தொகுக்காதது பெரிய இழப்பு.

தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதன் பலன் 1980களில் தெரிந்தது. மலையக இளைஞர்கள் பெருந்தொகையாக ஆசிரியர் நியமனம் பெற்றார்கள்; அவர்களில் பெண்களும் கணிசம். பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. இலக்கிய வரலாற்றில் இந்த நியமனக் கடிதங்களுக்கு எந்தப் பத்திரிகைக்கும் குறையாத இடம் உண்டு. மாதச் சம்பளம், லயத்தை விட்டு வெளியே ஓர் அறை, கையில் புத்தகம், மாலையில் சற்று ஓய்வு ஆகிய நான்கும் ஒரே பெண்ணுக்கு முதல் முறையாகக் கிடைத்தன. மலையிலேயே நின்ற பெண்களின் நிலையிலும் ஒரு மாற்றம் வந்தது: 1984 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமானது. ‘குன்றின் குரல்’, ‘தீர்த்தக்கரை’, ‘நந்தலாலா’ போன்ற இதழ்களும் நாளேடுகளின் மலையகப் பக்கங்களும் புதியவர்களுக்கு இடம் கொடுத்தன. பெரும்பாலும் கவிதையே வந்தது. நாவலுக்கு வேண்டிய நீண்ட நேரம் பாடசாலையும் வீடும் போக மிஞ்சவில்லை.

சிதறிக் கிடந்த அந்தக் கவிதைகள் ஒரு நூலுக்குள் வந்தது 2007இல். புலம்பெயர் பெண்கள் நடத்திய ‘ஊடறு’ வெளியிட்ட ‘இசை பிழியப்பட்ட வீணை’ மலையகப் பெண் கவிஞர்களின் தொகுப்பு. மீனாட்சி அம்மாளின் பாடல்களில் எதிரி வெளியே இருந்தார்: துரை, சட்டசபை உறுப்பினர், அரசாங்கம். தொகுப்பின் காலத்துப் பெண்கள் சொந்தச் சமூகத்தையும் கேள்வி கேட்டார்கள். சம்பள நாளில் மனைவியின் பணத்தையும் தானே வாங்கிக்கொண்டு சாராயக்கடைக்குப் போகும் கணவன், சந்தாவை வாங்கிக்கொண்டு பெண்ணை மேடையில் ஏற்றாத சங்கம், படித்து முடித்த பின்னும் சாதி பார்க்கும் உறவு எல்லாம் எழுத்துக்குள் வந்தன. இது சிலருக்குச் சங்கடமாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தின் உள்வீட்டுச் சண்டையை வெளியே சொல்லலாமா என்று கேட்டார்கள். லயத்தின் சுவர் ஒற்றைச் செங்கல் பருமன்தான் என்பதையும், உள்வீட்டுச் சண்டை அங்கே ஒருநாளும் இரகசியமாக இருந்ததில்லை என்பதையும் அந்தக் கேள்வி மறந்துவிடுகிறது.

இதற்கிடையில் தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கையே மலையை விட்டு நகரத் தொடங்கியிருந்தது. மத்திய கிழக்கில் வீட்டுப் பணி, கொழும்பிலும் சுதந்திர வர்த்தக வலயங்களிலும் ஆடைத் தொழிற்சாலை வேலை என்று இளம்பெண்கள் வெளியேறினார்கள். மலையில் கொழுந்தெடுப்போரின் சராசரி வயது ஏறியது. புதிய தலைமுறை எழுத்தாளர்களுக்கு இதுவே களமானது. அவர்களுள் அதிகம் கவனிக்கப்படுபவர் பிரமிளா பிரதீபன். ‘பீலிக்கரை’, ‘பாக்குப்பட்டை’ ஆகிய தொகுப்புகளுக்குப் பின் 2017இல் வந்த அவரது ‘கட்டுபொல்’ நாவல், தென்னிலங்கையில் முள்ளுத்தேங்காய் எனப்படும் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழரைப் பற்றியது. தேயிலையும் இறப்பரும் நின்ற நிலத்தில் கம்பனிகள் நட்ட இந்தப் பயிர், உயரமான மலைகளுக்கு வெகு தொலைவிலுள்ள காலிப் பகுதித் தமிழரைச் சிங்களக் கிராமங்களின் நடுவே சிறுபான்மையாக வைத்திருக்கிறது. நுவரெலியாவையும் ஹட்டனையும் மட்டுமே மனத்தில் வைத்து மலையக இலக்கியம் என்று பேசிவந்த வாசகர்களுக்கு அப்படியும் ஒரு தோட்டத் தமிழர் கூட்டம் இருப்பதை அந்த நாவல் காட்டியது. அதன் பிறகு பிரமிளா எழுதிய சிறுகதைகள் தமிழக வாசகர்களிடமும் பரவின.